போர்வைக்கு எதற்குக் கணிதம்?

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தின் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். கேட்டவர் எங்கள் நெடுநாள் நண்பர், நல்ல வாசகர், சிற்றிதழ்களை இன்றும் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர். "போர்வைக்கு எதற்கய்யா கணிதம்? குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் துணி அது. அதில் அரூபம் என்ன, அறிவியல் என்ன? வெள்ளைக்காரப் பாட்டிகளின் பொழுதுபோக்கைக் கொண்டுவந்து இங்கே கலை என்கிறீர்களே!" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், நாங்களும் சிரித்தோம். வீடு திரும்பிய பின்தான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியை இங்கே சொல்ல முயல்கிறோம். நண்பர் பொறுத்தருள்க.

பேச்சுக்குப் பொருளாக இருந்த போர்வையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

அதைத் தைத்தவர் எங்கள் பழைய மாணவி ஒருவர். கணிதத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர். முதலாண்டில் எங்களிடம் தமிழ்த்தாள் படித்தவர். இப்போது ஒரகடம் பக்கம் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்கூடம் ஒன்றில் தையல் எந்திரத்தின் முன் அமர்கிறார். எடைபோட்டு விற்கும் கடையில் வெட்டுத்துணி வாங்கி, ஓய்வு நாட்களில் ஏறத்தாழ ஓராண்டு உழைத்து, 256 சதுரங்களாலான ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைத்து முடித்தார். ஓர் ஓவியக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனோம். அமைப்பாளர்கள் மரியாதையாகவே வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது "மகளிர் கைவினை" என்ற பலகையின் கீழிருந்த மேசைமீது அது விரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் பனையோலைக் கூடைகள் அடுக்கப்பட்டிருந்தன. படைப்பாக ஏற்கப்படும் என்று நம்பிக் கொடுத்த போர்வை மேசைவிரிப்பாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்துவிட்டுப் போர்வையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கூடை முடைந்தவர்மீது எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. அவரும் பெயரில்லாமல்தான் அந்த மேசையில் இருந்தார். எங்கள் வழக்கு அந்தப் பலகையோடு.

*

அந்தப் போர்வையில் என்ன இருந்தது?

இரண்டே நிறங்கள்: நீலம், சாம்பல். விதியும் எளியது. ஒரு நீலத் துண்டை வையுங்கள். அதன் பக்கத்தில் எதிர்நிறத்தை வையுங்கள்: நீலம், சாம்பல். இந்த இரண்டையும் எதிர்நிறமாக்கித் தொடர்ந்து வையுங்கள்: நீலம், சாம்பல், சாம்பல், நீலம். இந்த நான்கையும் எதிர்நிறமாக்கித் தொடருங்கள், எட்டாகும். இன்னொரு முறை செய்தால் பதினாறு. போர்வையின் முதல் வரிசை அவ்வளவுதான். கீழே வரும் வரிசைகளுக்கும் இதே விதி: நீலத்தில் தொடங்கும் வரிசை முதல் வரிசையின் படி; சாம்பலில் தொடங்குவது அதன் எதிர். எந்த வரிசை எதில் தொடங்கும் என்பதையும் அதே பதினாறின் ஒழுங்கே முடிவு செய்கிறது. மொத்தம் 16 வரிசை. 128 நீலம், 128 சாம்பல்.

கணிதத்தில் இதற்குத் தூ–மோர்ஸ் தொடர் என்று பெயர். பிரெஞ்சுக் கணிதர் புரூவே 1851-லேயே இதைத் தொட்டிருக்கிறார். நார்வே நாட்டு ஆக்செல் தூ 1906-இலும் 1912-இலும் எழுதிய கட்டுரைகளிலும், அமெரிக்காவின் மார்ஸ்டன் மோர்ஸ் 1921-இலும் வெவ்வேறு காரணங்களுக்காக இதை வந்தடைந்தார்கள். இதன் சிறப்பு இதுதான்: இத்தொடரை எவ்வளவு நீட்டினாலும், எந்தத் துண்டும் அடுத்தடுத்து மூன்று முறை வராது. இரண்டே நிறம், ஒரே விதி. ஆயினும் சலிப்பூட்டும் திரும்பல் அதில் இல்லை.

இந்தத் தொடரை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்: "ஐயா, லைன்ல நாள் முழுக்க ஒரே தையல். கை தானா போயிடும், மனசுக்கு வேலையே இல்ல. ராத்திரி தைக்கிறதாவது அடுத்தது என்னன்னு என்னை யோசிக்க வைக்கணும்னு நெனச்சேன்."

தமிழ்த்துறையில் இருபதாண்டுகளாக யாப்பு நடத்தி வருகிறோம். போர்வையின் முதல் வரிசையை வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. நீலத்தை நேர் என்றும் சாம்பலை நிரை என்றும் கொள்க. நேர் நிரை, நிரை நேர், நிரை நேர், நேர் நிரை... அதாவது கூவிளம் புளிமா புளிமா கூவிளம், புளிமா கூவிளம் கூவிளம் புளிமா. முதலிலிருந்து இரண்டிரண்டாகப் பிரித்தால் தேமாவுக்கும் கருவிளத்துக்கும் இத்தொடரில் இடமே இல்லை. வேடிக்கையாகத் தொடங்கிய இந்த விளையாட்டு எங்களைச் சிந்திக்க வைத்தது. அசையைச் சீராக்கி, சீரை அடியாக்கி, குறைந்த உறுப்புகளைக் கொண்டு விதிப்படி பெருகும் ஒரு மரபைத்தான் நாம் காலங்காலமாகக் கவிதை என்று கொண்டாடி வருகிறோம். விதியால் பிறந்த வெண்பா கலை. விதியால் பிறந்த போர்வை மட்டும் மேசைவிரிப்பா?

*

நண்பரின் கேள்விக்குள் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது: அறிவியலிலிருந்து துணிக்கு என்ன வர முடியும்? படங்கள்தாமே?

இங்கே நண்பரோடு பாதி உடன்படுகிறோம். முறுக்கேணியைப் போன்ற மரபணுச் சித்திரத்தைத் துணியில் அச்சடித்து, விண்மீன் மண்டலத்தின் ஒளிப்படத்தைத் தலையணை உறையில் ஒட்டி, "அறிவியலால் ஈர்க்கப்பட்டது" என்று விலைச்சீட்டுக் கட்டும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. அது அலங்காரம். மரபணுவுக்குப் பதிலாக மாங்காய் வடிவத்தை அச்சடித்திருந்தாலும் அந்தத் துணியில் எதுவும் மாறியிராது. அறிவியலிலிருந்து பெறத்தக்கது விதி; உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்பவர் அதன் தோலை எடுத்துக்கொள்கிறார். எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டு, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கைவலிக்கத் தொடர்ந்து பார்ப்பதே ஊக்கம் பெறுவதாகும்.

துணி அந்தக் கட்டுப்பாட்டைத் தாளைவிடக் கடுமையாகச் சோதிக்கிறது. முடிந்தபின் நாலங்குலமாக நிற்க வேண்டிய சதுரத்தை நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். நான்கு புறமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். ஒவ்வொரு சதுரத்திலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால் பதினாறாவது சதுரத்தில் வரிசை முழுதாக ஓர் அங்குலம் விலகி நிற்கும். கீழ் வரிசையோடு மூலை சேராது. பிழை எப்படிச் சேர்ந்து வளரும் என்பதைப் பாடநூலில் படித்த நம்மைவிட, பிரித்துப் பிரித்துத் தைத்த அவருக்கு நன்றாகத் தெரியும். பாதியில் நீலத்துணி தீர்ந்துபோனது. கடையில் அதே நீலம் மீண்டும் கிடைக்கவில்லை. சற்று வெளிறிய நீலத்தை வாங்கித் தொடர்ந்தார். அதனால் போர்வையின் கீழ்ப்பாதி வானம் விடிவதுபோல மெல்ல வெளுக்கிறது. விதி சொன்னது நீலம் என்று மட்டுமே. எந்த நீலம் என்று சந்தை சொன்னது. இரண்டையும் ஏற்று என்ன செய்வது என்று முடிவெடுத்தவர் அவர். "விதியே எல்லாவற்றையும் செய்துவிட்டால் படைப்பாளிக்கு என்ன வேலை?" என்று கேட்போருக்கு இதற்குமேல் விடை தேவையில்லை என்று நினைக்கிறோம்.

*

இரண்டாவது: இது நம் மண்ணுக்கு அந்நியமானதா?

பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை நம் வெயிலுக்கு உரியதன்று, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் விதியைக் கொண்டு அரூபமான கோலத்தை ஆக்குவது அந்நியம் என்று சொல்லும் தகுதி, வாசலில் புள்ளி வைத்த தாய்க்குப் பிறந்த எவருக்கும் இல்லை.

ஒரகடத்திலிருந்து வெகுதூரமில்லை தாம்பரம். அங்குள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோன்மணி (1932–1988). அவரும் ராணி சிரோன்மணியும் கமலா கிரிதிவாசனும் சேர்ந்து 1974-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் வந்த அக்கட்டுரையின் தலைப்பிலேயே "கோலம்" என்ற சொல் இருந்தது. வாக்கியங்களை ஆக்கும் இலக்கணத்தைப்போலப் படங்களை ஆக்கும் இலக்கணம் ஒன்றை அமைக்க முடியும் என்பதும், புள்ளிக்கோலங்களை அவ்விலக்கணத்தால் விவரிக்கலாம் என்பதும் அவர்கள் காட்டியவை. 1968-இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் எளிய உயிரினங்களின் வளர்ச்சியை விவரிக்க உருவாக்கிய முறையைப் பின்னர் கணினிப் படங்களுக்குக் கொண்டுவந்த பிரெஸ்மிஸ்லாவ் புருசின்கீவிச்சும் தம் எடுத்துக்காட்டுகளில் கோலங்களைச் சேர்த்துக்கொண்டார். 2002-இல் அமெரிக்கக் கணிதர் மார்சியா ஆஷர் கோல மரபைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை எழுதினார். எங்கள் மாணவியின் போர்வைத் தொடரும் இதே குடும்பம்தான்: நேரை "நேர்–நிரை" ஆக்கு, நிரையை "நிரை–நேர்" ஆக்கு என்ற இரண்டே மாற்று விதிகளால் அது முழுவதும் பிறந்துவிடும்.

இன்னொரு செய்தி. இதே கிஃப்ட் சிரோன்மணி, 1980-இல் திருக்குறளைப் பழைய எழுத்து வடிவங்களில் தந்த நூலின் ஆசிரியர்களுள் ஒருவர். கோலமும் குறளும் கணக்கும் ஒரே மேசையில் இருந்த காலம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. இன்று எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறைக்கும் கணிதத்துறைக்கும் இடையே ஒரு தாழ்வாரம்தான். அதைக் கடந்து போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவு சொன்னதும் வேறொரு தரப்பார் மகிழ்ந்து எழுவார்கள் என்பதை அறிவோம். "பார்த்தீர்களா, நம் பாட்டிமாருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது! கோலம்தான் கணினி, கோலம்தான் குவாண்டம்!" என்பார்கள். அவர்களோடும் நாங்கள் உடன்படவில்லை. பாட்டி செய்தது நுட்பமான செயல். அதை விதியாக எழுதி, அந்த விதியால் எவை ஆகும், எவை ஆகா என்று நிறுவியது வேறொரு செயல். ஒன்றை மற்றொன்றாகத் திரித்துப் பேசுவது இரண்டுக்குமே அவமதிப்பு. பாட்டியைப் புகழ்வதாகச் சொல்லிக்கொண்டு, பேத்தி எட்டு மணிநேர வேலை முடிந்து உட்கார்ந்து கற்ற கணிதத்தை இல்லாததாக்குவது அந்தப் புகழ்ச்சி. தமிழ்நாட்டில் எண்சுவடி, கணக்கதிகாரம் முதலியவை எந்தத் தொழில்களோடு கலந்து வாழ்ந்தன என்பதைச் செந்தில் பாபு 2022-இல் வெளிவந்த ஆங்கில நூலில் பொறுமையாக ஆராய்ந்திருக்கிறார். பெருமைக்குரியது அத்தகைய பொறுமை. பொங்கல் சமயத்தில் சுற்றுக்கு வரும் செய்திகளில் அது கிடைக்காது.

*

மூன்றாவது கேள்வியை நண்பர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் சிரிப்பில் அதுதான் இருந்தது. தையல் என்பது கலையா?

இங்கே குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவர்கள் தமிழ் கற்பிக்கும் நாங்கள்தாம். நம் பழைய இலக்கியத்தில் தையலுக்குச் சொல் உண்டு: துன்னல். தைப்பவருக்குப் பெயர் உண்டு: சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளரைச் சொல்லும்போது துன்னகாரரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் ஒட்டுப்போட்ட துணி எங்கே வருகிறது என்று பாருங்கள். பொருநராற்றுப்படையில் வேற்று நூல் ஓடிய, ஈரும் பேனும் குடியிருந்த கந்தலைக் களைந்துவிட்டு, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய துகிலைக் கரிகாலன் பொருநனுக்கு உடுத்துகிறான். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மன்னனின் கொடையைச் சொல்லி மெய்சிலிர்த்திருக்கிறோம். அந்தக் கந்தலைத் துன்னிய கை யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒட்டு என்றால் வறுமை; வறுமை என்றால் மறைக்க வேண்டியது; புரவலன் வந்து மாற்ற வேண்டியது. இந்தப் பாடத்தை மாணவருக்கும் கடத்தியிருக்கிறோம். கண்காட்சி மேசையில் கூடையை அடுக்கியவர் ஒருவேளை நம்மிடமே படித்தவராக இருக்கலாம்.

நவீன ஓவியத்தின் கதையும் இப்படித்தான். கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய "சொற்களும் குறியீடுகளும்" வரிசையில் கணிதக் குறிகளும் எண்களும் சித்திரமாயின. அதை நாம் தென்னிந்திய அரூப ஓவியத்தின் திருப்புமுனை என்று கொண்டாடுகிறோம், சரிதான். 1966-இல் அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் எப்படி நின்றது? ஓவியர்கள் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நின்றது. ஓவியனுக்குச் சோறு போட்டது துணி. கித்தான் அருங்காட்சியகம் போயிற்று; துணி கட்டணச் சீட்டோடு கடைக்குப் போயிற்று. கணிதக் குறி ஓவியன் கைக்கு வந்தால் அரூபம், தையற்காரி கைக்கு வந்தால் பொழுதுபோக்கு என்ற பாகுபாட்டுக்கு எந்த அழகியல் நூலில் இலக்கணம் இருக்கிறது என்று நண்பர் காட்டட்டும்.

வெளியுலகைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எல்லன் ஹார்டிங் பேக்கர் என்ற பெண்மணி சூரியக் குடும்பத்தை ஒரு கம்பளிப் போர்வையில் தைத்தார். 1876 என்ற ஆண்டு அதில் தைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொங்கவிட்டு ஊரூராக வானியல் உரை நிகழ்த்தினார். இன்று அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1975-இல் மார்ட்டின் கார்டனர் எழுதிய பத்தியைப் படித்த மார்ஜரி ரைஸ் என்ற கலிபோர்னிய இல்லத்தரசி, பள்ளிக் கணிதத்தை மட்டுமே வைத்துக்கொண்டு, தமக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்து, தளத்தை இடைவெளியின்றி நிரப்பும் ஐங்கோணங்களில் அதுவரை எவரும் அறியாத நான்கு வகைகளைக் கண்டார். 2023-இல் உலகச் செய்தியானது "தொப்பி" ஓடு. தளத்தை முழுவதும் நிரப்பும். ஆனால் ஒரு நாளும் சீராகத் திரும்பாது. அதைக் கண்டவர் டேவிட் ஸ்மித், இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பர். அட்டையை வெட்டி அடுக்கிப் பார்த்துக் கண்டார். பிறகு மூன்று ஆய்வாளர்கள் அவரோடு சேர்ந்து நிறுவினார்கள். கட்டுரையில் அவர் பெயரே முதலில் இருக்கிறது. கணிதர் இங்கிரிட் டோபெஷீஸும் துணிக்கலைஞர் டொமினிக் எர்மானும் தொடங்கி, பலர் கூடிச் செய்த "மேத்தமால்கெமி" என்னும் கலைப்படைப்பு 2022-இல் வாஷிங்டனில் தேசிய அறிவியல் கழகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இவர்களையெல்லாம் வெள்ளைக்காரர் சான்றிதழாக அடுக்குகிறோம் என்று கொள்ள வேண்டாம். இச்செய்திகள் அனைத்திலும் பொதுவாக இருப்பது ஒன்று: கையால் வெட்டிக் கண்டவரின் பெயர் கண்டதோடு ஒட்டியிருக்கிறது. நம் மேசையில் அதுதான் இல்லை.

*

இனி, எங்கள் வாதத்துக்கு எதிராக நாங்களே எழுப்ப வேண்டிய தடை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது.

ஆலைத் தொழிலாளியின் இரவுத் தையலைக் கண்டு உருகுவது மிக எளிது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் தொழிற்பேட்டைகளாயின. 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதியைத் தமிழக அரசு திறந்தது. அந்த எண்ணைப் படிக்கும்போது அத்தனை கட்டில்களை மட்டுமே நாம் காண்கிறோம். அங்கே தூங்கப்போகும் ஒருத்தி எதைப் பற்றி யோசித்துக்கொண்டு தூங்குகிறாள் என்பது கணக்கில் இல்லை. எழுந்து, வரிசையில் நின்று, பேருந்தேறி, முறைநேரம் முடித்துத் திரும்பும் பெண்ணிடம் "நீ ஏன் கலை செய்யக்கூடாது?" என்று கேட்பது கொடுமை. அவருக்கு முதலில் வேண்டியவை ஓய்வும் நல்ல சோறும் நியாயமான கூலியும். போர்வை அவற்றுக்கு மாற்றன்று.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அடிமைகளின் வழிவந்த பெண்கள் பழைய வேலையுடைகளை வெட்டிப் போர்வைகள் தைத்துவந்த ஊர். மிசௌரி பெட்வே என்பவர் 1942-இல் இறந்துபோன தம் கணவரின் வேலையுடைகளைக் கொண்டு தைத்த போர்வை இன்று புகழ்பெற்றது. 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இவ்வூர்ப் போர்வைகள் தொங்கின. நவீன அரூபக் கலையின் உச்சங்கள் என்று விமரிசகர்கள் வியந்தார்கள். ஐந்தாண்டுகள் கழித்து, 2007-இல், தங்களுக்குரிய பங்கு வந்துசேரவில்லை என்று அவ்வூர்ப் பெண்கள் சிலர் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டில்தான் அது தீர்ந்தது. மேசையிலிருந்து சுவருக்கு ஏற்றிவிட்டால் மட்டும் நீதி கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இருந்தும், ஓய்வும் கூலியும் கிடைக்கும்வரை அவர்கள் எதையும் சிந்திக்கவில்லை என்று பாவனை செய்வது இன்னொரு வகை அவமதிப்பு. எங்கள் மாணவி யாரும் கேட்காமல், யாருடைய அனுமதியும் இல்லாமல், தமக்காகச் சிந்தித்தார். பகலில் அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டது எதுவோ, அதை இரவில் ஒரு விதியின் துணையோடு மீட்டுக்கொண்டார். நாம் அதைப் பார்க்கத் தவறினால் இழப்பு அவருடையது மட்டுமன்று. ஒரு துணித்துண்டில் இவ்வளவு சிந்தனை இருக்க முடியும் என்பதை அறியாமலே நாம் இலக்கியம் பேசிக்கொண்டிருப்போம்.

*

ஆகவே எங்கள் கோரிக்கைகள் சிறியவை.

கண்காட்சி நடத்துவோர் "மகளிர் கைவினை" என்ற பலகையைக் கழற்றட்டும். செய்தவர் பெயர், பொருள், அளவு, பின்பற்றிய விதி ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டட்டும். கூடைக்கும் இதே மரியாதை வேண்டும். நம் சிற்றிதழ்கள் ஓவியக் கண்காட்சிக்கு மதிப்புரை எழுதுவதுபோல ஒரு தையலுக்கும் எழுதட்டும். "அழகாக இருந்தது" என்று முடிக்காமல், விதி என்ன, எங்கே வளைந்தது, எங்கே உடைந்தது என்று பார்த்து எழுதட்டும். கல்லூரிகளில் யாப்பு நடத்தும் ஆசிரியர் ஆண்டில் ஒருநாளாவது தாழ்வாரத்தைக் கடந்து கணித வகுப்புக்குப் போகட்டும். அங்கிருந்து ஒருவர் இங்கே வரட்டும். எங்கள் கல்லூரியில் வரும் பருவத்தில் இதைத் தொடங்குகிறோம். முதல் வகுப்புக்கு அந்தப் போர்வையைத் தர அவர் இசைந்திருக்கிறார். இம்முறை சுவரில் தொங்கும். சீட்டில் அவர் விரும்பும் பெயர் இருக்கும்.

நண்பரின் கேள்விக்கு வருவோம். போர்வைக்கு எதற்குக் கணிதம்? வெண்பாவுக்கு எதற்குத் தளை என்று கேட்டவர்களுக்கு அவர் என்ன விடை சொல்வாரோ, எங்கள் விடையும் அதுவே. தளை இல்லாமலும் பேச முடியும். விதி இல்லாமலும் போர்த்திக்கொள்ள முடியும். ஆனால் மனிதர்கள் பேசியதோடும் போர்த்திக்கொண்டதோடும் நின்றுவிடவில்லையே!

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் போர்வையைக் கொண்டுவருகிறோம். நண்பர் வரட்டும். முதல் வரிசையை நேர், நிரை என்று உரக்கப் படித்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் மறுப்பு இருந்தால் எழுதட்டும், அச்சேற்றக் காத்திருக்கிறோம்.